கடைசி எபிசோடில் என் அண்ணன்

மதிப்பிற்குரிய இயக்குநர் லுத்ஃபி அவர்களுக்கு,

உங்கள் மேல் சாந்தி உண்டாகட்டும். உங்கள் ரமலான் டிவி தொடர் குறித்த நேரத்தில் முடியவும், எங்கள் மாடிப்படியில் உங்கள் மூக்குக்கண்ணாடி இன்னொரு முறை உடையாமல் இருக்கவும் வேண்டுகிறோம். எங்கள் இம்பாபா பேட்டையில் எல்லோரும் நலம்.

நான் இனாயத், ஷரீஃபின் தங்கை. ஜனவரிப் புரட்சியில் சுடப்பட்டுச் செத்த என் அண்ணனின் கதையை எங்கள் வீட்டிலேயே படமெடுக்கிறீர்கள். அசல் வீடுதான் வேண்டும் என்று வந்தீர்கள். வந்த அன்றே உங்கள் ஆர்ட் டைரக்டர், இந்தச் சுவரில் ஏழ்மை போதவில்லை என்று தேயிலைச் சக்கையைப் பூசினார். மாடிப்படியில் ஓர் ஆட்டைக் கட்டினார். அது கீழ்வீட்டு வாத்தியாரின் பரீட்சைத் தாள்களைத் தின்றது. ஒரு வகுப்பே பாஸாகிவிட்டது. பொறுத்துக்கொண்டோம். கதையில் ஷரீஃபின் பெயரை அமீர் என்று மாற்றினீர்கள். தலைப்பிள்ளை பெயரைச் சேர்த்து, ஷரீஃபின் தாயை உம்மு ஷரீஃப் என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? உங்கள் ஆட்கள் என் அம்மாவை "உம்மு அமீர், கொஞ்சம் தள்ளுங்க" என்கிறார்கள். அவளும் தள்ளுகிறாள்.

அண்ணன் காலை உணவு சாப்பிடும் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தீர்கள். ஒவ்வொரு டேக்குக்கும் அம்மா அவித்த மொச்சை ஃபூலைப் புதிதாகச் சூடாக்கி எண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்தாள்.

"ஆன்ட்டி, வயிறு வெடிச்சிரும். நான் டயட்ல இருக்கேன்" என்று உங்கள் நடிகர் ஹைதம் கெஞ்சினார்.

"எலும்பும் தோலுமா இருந்துக்கிட்டு டயட்டாம். சாப்பிடுடா கண்ணு. உங்கம்மா உனக்கு என்னத்தத்தான் போடுறா?"

யூனிட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அண்ணன் வீட்டைவிட்டுக் கிளம்பும் காட்சி. ஹைதம் செருப்பை மாட்டிக்கொண்டு, "அம்மா, போயிட்டு வர்றேன்" என்றார். கேமராவுக்குப் பின்னால் நின்ற அம்மா குறுக்கே பாய்ந்து கதவைப் பூட்டிச் சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"கட்! உம்மு அமீர், இது நடிப்பும்மா!"

"நீ என்ன வேணாலும் கத்து. இவன் எங்கயும் போகல."

ஜெனரேட்டர் வாடகை ஏறுகிறது என்று நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். அவள் ஏன் பூட்டினாள் என்று கேட்கவில்லை. நான் சொல்கிறேன். அவன் செத்த அந்த வெள்ளிக்கிழமை எங்கள் டிவியில் அரசு சேனல் நைல் பாலத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. வெறும் பாலம், அமைதியான தண்ணீர். "ஊரே சும்மா கெடக்கு, போயிட்டு சீக்கிரம் வா" என்று அம்மாதான் அவனை அனுப்பினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதே சேனலில்தான் உங்கள் தொடர் வரப்போகிறது.

நேற்று கடைசி எபிசோடைப் படித்தேன். அதில் அமீர் மொட்டைமாடியில் டிஷ் ஆன்டெனாவைத் திருப்பப் போய் வழுக்கி விழுந்து சாகிறான். வெட்கமாக இல்லையா சார்? அவன் நெஞ்சில் குண்டு இருந்தது. போலீஸ் சுட்டது. அப்படியே காட்டுங்கள். முடியாதென்றால் ஆட்டையும் விளக்குகளையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். இந்தக் கதவு இனி உங்களுக்குத் திறக்காது.

உங்கள் துணைவியாருக்கு என் அன்பு. உங்கள் பிள்ளைகளுக்கு இறைவன் நீண்ட ஆயுள் தரட்டும்; இதை மனதாரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
இனாயத்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.  கேட்டுவிட்டு, "போலீஸ் சுட்டதுன்னு காட்டணும்னா அவன் மறுபடியும் சாகணும்ல?" என்றாள். "மாடியிலேர்ந்தும் விழவேணாம்னு சொல்லு. குவைத்துக்கு வேலைக்குப் போயிட்டான்னு முடிக்கச் சொல்லு. நம்ம தெருவுல எத்தனை பேர் போயிருக்காங்க."

பொய் என்று சொன்னேன். தெரியும் என்றாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். நாளை வாருங்கள், கதவு திறந்திருக்கும். அவன் குவைத்துக்கே போகட்டும்.