நாற்பத்தெட்டு நாள் பேப்பர்

கஷாயம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவர் மட்டும் இப்போது என் எதிரே வந்தால், எழுந்து நின்று நாலு கேள்வி கேட்பேன். எழுந்து நிற்பதுதான் பிரச்சினை.

எனக்கு வந்திருப்பது தசை அழற்சி. உடம்பைக் காவல் காக்க வேண்டிய படை, சொந்தத் தசைகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறதாம். ஆஸ்பத்திரி டாக்டர் இதைச் சிரித்த முகத்தோடு சொன்னார். "முழுசா போகாது. ஆனா அடக்கி வைக்கலாம்." முதலில் தோள் போனது, அப்புறம் தொடை. சட்டை மாட்டக் கை உயராது. நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு கையையும் ஊன்றினால்தான் எழ முடியும். சில நாள் அதுவும் நடக்காது. மனைவி வந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவாள்.

நான் ஒரு நாளிதழில் செய்தி ஆசிரியர். என் இடத்தை இரண்டு மாதம் காலியாக வைத்திருப்பதாக ஆசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் போகாவிட்டால் அது என் உதவியாளனுக்கு. கொட்டாவி விடும்போதுகூட என் நாற்காலியைப் பார்த்தபடியே விடுகிறவன் அவன்.

இந்த நெருக்கடியில்தான் என் மனைவி ஓர் ஆயுர்வேத வைத்தியரைக் கூட்டிவந்தாள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஆஸ்பத்திரி மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன்.

"மாத்திரையை நிறுத்தினீங்கன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றார் வைத்தியர்.

அவர் எழுதிக் கொடுத்த மருந்துப் பட்டியலை மனைவி டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் இரண்டை அடித்துவிட்டு மற்றதற்குத் தலையாட்டினார். இரண்டு வைத்தியமும் கூட்டணி. எதிர்க்கட்சி நான் ஒருவன்தான்.

காலையில் வெதுவெதுப்பான எண்ணெய். அப்புறம் ஒத்தடம். அப்புறம் கஷாயம். அதன் ருசியைச் சொல்ல முப்பது வருஷப் பத்திரிகை அனுபவம் போதவில்லை. புளிப்பு கூடாது, பொரித்தது கூடாது. நாற்பத்தெட்டு நாள்.

"நான் எப்ப ஆபீஸ் போறது?" என்று கேட்டேன்.

"கையை ஊனாம இந்த நாற்காலியிலேர்ந்து எழுந்திருங்க. அன்னிக்குப் போங்க" என்றாள் மனைவி.

"நாளைக்கே எழுந்துட்டா?"

"நாப்பத்தெட்டாம் நாள் வைத்தியர் முன்னாடி எழுந்திருக்கணும். அதுவரைக்கும் தினமும் பத்துத் தடவை. நான் எண்ணுவேன்."

"பத்தா? மெதுவா ஆரம்பிக்கலாமே சார்" என்று வைத்தியரைப் பார்த்தேன்.

"வீக்கம் அடங்கியிருக்கு. இனிமே தசைக்கு வேலை கொடுக்கணும். மூச்சு வாங்கினா நிறுத்திக்கலாம்" என்றார் அவர். பிறகு, யாருக்கோ நல்லது செய்த முகத்தோடு கிளம்பிப் போனார்.

அவள் கணக்கு டீச்சர். எண்ணுவது அவளுக்குத் தொழில். ஏமாற்றுவது என் தொழில் அல்ல. ஆனாலும் கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

நாற்காலி உயரமானால் எழுவது சுலபம். அதன் மெத்தைக்கு அடியில் எதை வைப்பது? பத்திரிகைக்காரன் வீட்டில் பழைய பேப்பருக்கா பஞ்சம்! அவள் பள்ளிக்கூடம் போன பிறகு நடைக்கு நாலாக, பன்னிரண்டு நடை நடந்து, நாற்பத்தெட்டு பேப்பரை அடுக்கி, மேலே மெத்தையைப் போட்டு, போர்வையால் மூடினேன். உட்கார்ந்தால் கால் தரையில் பாவவில்லை. மன்னர் மாதிரி இருந்தது.

சாயங்காலம் வந்தவள் நின்று பார்த்தாள்.

"என்னங்க, வளர்ந்துட்டீங்களா?"

"எல்லாம் எண்ணெயோட மகிமை."

"ஒரே நாள்ல?"

"நல்ல எண்ணெய்."

கையை ஊன்றாமல், தத்தளித்து எழுந்து காட்டினேன். அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "ஒண்ணு" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் பத்து. இங்கேதான் என் வயிற்றெரிச்சல் ஆரம்பம். முதல் நாள் எவ்வளவு கஷ்டப்பட்டேனோ அதே கஷ்டம் பத்தாம் நாளும். இருபதாம் நாளும் அதே. எண்ணெய் தேய்த்து, பத்தியம் இருந்து, அந்தக் கரிய திரவத்தைக் குடித்து, ஒரு கடுகளவு முன்னேற்றம் இல்லை! இது வைத்தியமா? மோசடி! கண்டனத் தலையங்கமே மனசுக்குள் எழுதிவிட்டேன். வெளியிடத்தான் வழியில்லை. 'பேப்பரை அடுக்கியும் முன்னேற்றம் இல்லை' என்று எப்படிப் புகார் கொடுப்பது?

நடுவில் பாதம் தரையைத் தொட ஆரம்பித்தது. எண்ணெய் தேய்த்துக் கால் நீண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பத்தெட்டாம் நாள் வைத்தியர் வந்தார்.

"சார், போர்வை மெத்தையெல்லாம் எடுத்துடலாமா? பலகையில உட்கார்ந்து எழுந்தாத்தானே நிஜமாத் தெரியும்" என்றாள் மனைவி.

எனக்கு வியர்த்துவிட்டது. "வேண்டாம். மெத்தை மேலேயே எழுந்து பழகிடுச்சு. அதோட... தூசி."

"நான் தினமும் தட்டறேனே" என்று சொல்லி மெத்தையைத் தூக்கினாள்.

அடியில் வெறும் பலகை. ஒரு பேப்பர்கூட இல்லை.

பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தேன். கை ஊன்றவில்லை.

"பிரமாதம்!" என்றார் வைத்தியர்.

"என் பேப்பர் எங்கே?" என்றேன் நான்.

"தினமும் ஒண்ணு எடுத்தேன். நாப்பத்தெட்டு நாள், நாப்பத்தெட்டு பேப்பர். கணக்கு சரியா இருக்கு" என்றாள்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"பன்னெண்டு நடை பேப்பர் சுமக்கத் தெம்பு இருக்கேன்னு சந்தோஷமா இருந்தேன்."

"அப்ப அந்தக் கஷாயம்?"

"அதுவும் வேலை செஞ்சிருக்கும், மாத்திரையும் செஞ்சிருக்கும்" என்றார் வைத்தியர், பையை மூடிக்கொண்டே. "எது எவ்வளவுன்னு நான் சொல்ல மாட்டேன். வியாதி உள்ளேதான் இருக்கு. எதையும் விட்டுடாதீங்க. முக்கியமா இவங்களை."

இப்படி ஓர் அவமானத்துக்குப் பிறகு யார் வீட்டில் இருப்பான்? திங்கட்கிழமையே ஆபீஸுக்குக் கிளம்பினேன். அவளும் தடுக்கவில்லை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இருபத்திரண்டு படி. கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று ஏறினேன். உள்ளே போனால் என் மேஜைக்குப் பின்னால் கைப்பிடி இல்லாத ஒரு குட்டை முக்காலி. கைவைத்த என் சுழல் நாற்காலியில், பக்கத்து மேஜையில், உதவியாளன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா அக்கிரமம் இது?"

"உங்க பதவி உங்களுக்குத்தான் சார். நாற்காலி மட்டும் எனக்கு. உங்க வீட்டு மேடம் ஏற்பாடு" என்றான். "சனிக்கிழமை வந்து ஆசிரியர்கிட்டயும் பேசிட்டுப் போனாங்க. முதல்ல உட்காருங்க சார், மூச்சு வாங்குது."

உட்கார்ந்தேன். அவன் சொன்னது அப்போதுதான் முழுசாக உறைத்தது. என் ஆபீஸ்! என் நாற்காலி! "இதைக் கேட்க ஆளே இல்லையா?" என்று கத்திக்கொண்டு விருட்டென்று எழுந்தேன்.

அவன் பேனாவைத் திறந்தான்.

"ஒண்ணு ஆச்சு சார். இன்னும் ஒம்பது."