கண்ணுக்குள் ஒரு மருந்துக் குச்சி

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இங்கே என் வலது கண்ணைத் தவிர மற்ற எல்லோரும் நலம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சர்க்கரையால் விழித்திரை வீங்கிவிட்டது, கண்ணுக்குள் மருந்துக் குச்சி வைக்க வியாழக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள், போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போகாதீர்கள். வைத்துக்கொண்டவன் சொல்கிறேன்.

வைப்பது பெரிய காரியமில்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து, ஒரு ஊசி, 'டக்'கென்று ஒரு சத்தம், முடிந்தது. குச்சி அரிசியில் பாதிக் கனம்கூட இராது. மாதக்கணக்கில் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டு, தானும் கரைந்துவிடுமாம். "கரைஞ்சு என்னவா போகும் டாக்டர்?" "தண்ணியும் கரியமில வாயுவுமா." "அப்போ சோடான்னு சொல்லுங்க!" டாக்டர் சிரிக்கவில்லை. நான் மட்டும் ரொம்ப நேரம் சிரித்தேன்.

வினை மூன்றாம் நாள் கடைக்கு வந்தது, இன்ஸ்பெக்டர் உருவத்தில். பேண்ட் அளவெடுக்கக் குனிகிறேன், அவர் முட்டியில் ஒரு நூல். முப்பது வருஷமாக ஊரார் துணியில் நூல் பொறுக்கிய தையல்காரன் கை சும்மா இருக்குமா, எடுத்தேன், வரவில்லை, அது தொடைக்கு ஏறிற்று, நானும் ஏறினேன், "யோவ், என்னய்யா பண்றே?" என்றார், "நூலுங்க சார்," "எங்கய்யா?" என்றார், நிமிர்ந்து பார்த்தால் மீசையில் இருக்கிறது, சத்தியமாக யோசிக்கவே இல்லை அத்தான், விரல் போய்விட்டது. நல்ல உறுதியான மீசை. துணியைச் சுருட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

டாக்டரிடம் ஓடினேன். "நூல் இல்லைங்க, உள்ளே இருக்கிற குச்சியோட நிழல். கரையறவரைக்கும் அப்பப்போ தெரியும்." முன்னாடியே சொல்லக்கூடாதா என்று எகிறினேன். "சொன்னாரு, நீங்கதான் சோடாவுக்குச் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க" என்றாள் வீட்டுக்காரி.

அது முதல், நூல் தெரிந்தால் அவளைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன். நீங்களோ வாத்தியார். இல்லாத கோட்டைக் கரும்பலகையில் அழித்துக்கொண்டு நின்றால் பிள்ளைகள் விட்டுவைக்குமா? மானம் முக்கியம்.

அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
உங்கள் நலமே நாடும் மைத்துனன்

பி.கு.: கடிதத்தைப் படித்த வீட்டுக்காரி, "அண்ணன் கண்ணு போச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்கிறாள். ஆகவே ஒன்று சொல்லிவிடுகிறேன். குச்சி வைப்பதற்கு முன் இந்தக் கண்ணுக்கு அவள் முகமே கலங்கல்தான். நேற்று இடது கண்ணை மூடிக்கொண்டு, கடையில் இருப்பதிலேயே சின்ன ஊசியைக் கோத்தேன், முதல் தடவையிலேயே. மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன், சேர்ந்து போவோம்.