சோள மெஷினும் இருந்துச்சுக்காரரும்

அருங்காட்சியகங்களில் பழைய பொருள்களைக் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு, யாருடைய பராமரிப்பும் இல்லாமல் தானாகவே பெருகிவரும் ஓர் இனத்தைப் பற்றி இதுவரை எவரும் குறிப்பு எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையை இன்று நான் தீர்த்து வைக்கிறேன். இனத்தின் பெயர் இருந்துச்சுக்காரர்.

பெரிய நகரத்து அருங்காட்சியகங்களில் இவரைக் காண்பது அரிது. அங்கே வைத்திருப்பது கிரீடமும் வாளும். அவை எங்கள் வீட்டில் இருந்தன என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். இவர் உலவுவது நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சின்னச் சாலைகளில். மூடிப்போன பள்ளிக்கூடத்திலோ, ரயில் நிற்காமல் போகும் ஸ்டேஷனிலோ, ஒரு காப்பாளரும் ஒரு சாவிக்கொத்துமாக நடக்கும் கிராம வரலாற்றுக் கூடங்களில். கலப்பை, பால் கேன், அரிக்கேன் விளக்கு, இன்னதென்று சொல்ல முடியாத இரும்புச் சாமான் என்று வரிசையாக வைத்திருப்பார்கள். இருந்துச்சுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே நுழைவார். விளக்க அட்டையைப் படிக்க மாட்டார். தம் வீட்டுச் சாமானைப் பற்றி ஊரார் எழுதி வைத்ததை எதற்குப் படிக்க வேண்டும்?

முதலில் அடையாளம் காண்பார்: "இது நம்ம வீட்டுல இருந்துச்சு." பிறகு அதை வளர்ப்பார்: "இதைவிடப் பெருசு." அதன் பின் தலையைத் திருப்பி மனைவியைத் தேடுவார். இவ்வளவு நேரமும் நடந்தது இந்த மூன்றாவது கட்டத்துக்கான ஏற்பாடுதான். ஏனென்றால், இருந்தது இப்போது இல்லை என்றால் யாரோ ஒருவர் அதைக் கொடுத்திருக்க வேண்டும். அந்த யாரோ இவராக இருக்க முடியுமா?

அனுபவமுள்ள மனைவிமார்கள் இரண்டாவது கட்டத்திலேயே அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். அப்படி அடுத்த அறைக்குப் போய்ப் போய், ஒரு கட்டடத்தில் எத்தனை அறை, எந்த அறையில் நாற்காலி என்பதை வாசலிலேயே கணித்துவிடும் ஆற்றல் பெற்றவர் என் சம்பந்தியம்மா. என் சம்பந்தி இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி. அவர் பஸ் டெப்போ மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு இருவரும் காரை எடுத்துக்கொண்டு இப்படிப்பட்ட கூடங்களைப் பார்த்து வருகிறார்கள். சென்ற பயணத்தில் நடந்ததை இருவரிடமும் தனித்தனியே கேட்டு, ஒத்துப்போவதை மட்டுமே எழுதுகிறேன்.

சம்பந்தியின் மனக்குறை ஒரு சோள மெஷின். மக்காச்சோளக் கதிரை மேலே செருகிச் சக்கரத்தைச் சுற்றினால் மணி ஒரு பக்கமும் சக்கை ஒரு பக்கமுமாக விழும். நான்கு கால், கனத்த இரும்பு. அவருடைய அப்பா வாங்கியது. பழைய வீட்டை விற்றுவிட்டு மூன்றாம் மாடிக் குடியிருப்புக்கு மாறியபோது சம்பந்தியம்மா அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். அன்று அதைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர்களில் சம்பந்தியும் ஒருவர் என்று அந்த அம்மாள் சொல்கிறார். சம்பந்தி அதை மறுக்கவில்லை. "மனசில்லாமத்தான் தூக்கினேன்" என்கிறார்.

அன்று முதல் கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் பல் டாக்டரின் முன்னறையானாலும் அந்த மெஷின் வந்துவிடும். மெஷின் வந்தால் பின்னாலேயே சம்பந்தியம்மாவின் பெயரும் வந்துவிடும். இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு பயணம் போய்வர வேண்டும் என்பதைத் தவிர அந்த அம்மாளுக்கு வேறு ஆசை கிடையாது.

சென்ற பயணத்தின் முதல் கூடத்திலேயே சோள மெஷின் நின்றது.

"இது நம்ம வீட்டுல இருந்துச்சு. இதைவிடப் பெருசு" என்றார் சம்பந்தி. பக்கத்தில் மனைவி இல்லாததால் காப்பாளரிடம் சொன்னார்: "எங்க வீட்டம்மாதான் தூக்கிப் போட்டுட்டா. இன்னைக்கு மட்டும் அது கிடைச்சா, சார், தலைமேல வச்சுத் தூக்கிட்டுப் போவேன்."

காப்பாளர் நல்ல மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று.

"பின்னாடி ஷெட்டுல இன்னும் மூணு கிடக்கு சார். வீட்டை இடிக்கும்போதுதான் எல்லாருக்கும் எங்க ஞாபகம் வருது. வண்டியில கொண்டாந்து இறக்கிட்டு, திரும்பிப் பார்க்காமப் போயிடுறாங்க. கேக்கிறவங்களுக்குக் கொடுத்துடுன்னு கமிட்டியிலயும் சொல்லிட்டாங்க. ஒன்னு எடுத்துக்குங்க."

சம்பந்தியின் கைகள் பின்னாலிருந்து முன்னால் வந்தன. "அது... இதுக்கெல்லாம் இங்கதான் மரியாதை. நாலு பேர் பார்ப்பாங்க..."

"ஷெட்டுல யார் சார் பார்க்கிறா?"

அடுத்த அறையிலிருந்து சம்பந்தியம்மா வெளிப்பட்டார். வழக்கு முடியும் நாள் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எடுத்துக்கறோம்" என்றார்.

"ஏம்மா, யோசிச்சுத்தான் பேசுறியா? மூணாவது மாடி."

"லிஃப்ட் இருக்கு."

"எங்க வைக்கிறது?"

"ஹால்ல. டிவியை எடுத்துடலாம். உங்க அப்பா ஞாபகம்ங்க, அதைவிடவா டிவி?"

டிக்கி மூடவில்லை. பின் சீட்டில் வைத்தார்கள். நோயாளியைப் படுக்கையில் கிடத்தும் பக்குவத்தோடு சம்பந்தியம்மா அதற்கு இரண்டு தலையணைகளை முட்டுக்கொடுத்து சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார். கார் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் சக்கரம் அரைச் சுற்று சுற்றி நின்றது. பெட்ரோல் பங்கில் பெட்ரோல் போட்டவர் குனிந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல இருந்துச்சு சார்" என்றார். சம்பந்தி கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

இரண்டாவது கூடத்தில் அவர் கலப்பையைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்க்கவில்லை. நேராகக் காப்பாளரம்மாவிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அருமையான பீஸ் ஒன்னு இருக்கும்மா. நன்கொடையாத் தரலாம்னு..."

"சோள மெஷினா? எங்ககிட்டயே ரெண்டு இருக்குங்க. வேணும்னா ஒன்னு எடுத்துட்டுப் போங்களேன்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா, "ஜோடியா வச்சுக்கலாங்க" என்றார். சம்பந்தி அதற்குள் வெறுங்கையோடு காருக்குப் போய்விட்டார்.

மாலையில் சாப்பிட நிறுத்திய சாலையோரக் கடையின் முதலாளி, வாசலில் அலங்காரத்துக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தைச் சாய்த்து வைத்திருந்தார். சம்பந்தி சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோய் அவரிடம் பேசினார். அந்தச் சக்கரத்துக்குத் துணை இல்லாததைச் சுட்டிக்காட்டினார். முதலாளிக்குச் சம்மதம். இருவருமாக மெஷினை இறக்கினார்கள். இந்த முறை சம்பந்தி மனசோடு தூக்கினார் என்பதை நேரில் கண்ட அந்த அம்மாள் உறுதியாகச் சொல்கிறார்.

"ஒரு நிமிஷம்" என்றார் சம்பந்தியம்மா. போனை எடுத்தார். "கையை மெஷின் மேல வச்சுக்குங்க. ரெண்டு பேரும் இங்க பாருங்க. யாருங்க கொடுக்கிறது?"

"நான்தான்."

"கொஞ்சம் சத்தமா."

"நான்தான் கொடுக்கிறேன். போதுமா?"

அந்தப் படம் இப்போது சட்டம் போட்டு அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. சம்பந்தி அதில் வாய் நிறையச் சிரிக்கிறார். தீர்ப்பு எழுதி மாட்டியதைப்போல அந்த அம்மாள் அதைத் தினமும் துடைத்து வைக்கிறார்.

போன வாரம் நான் போயிருந்தேன். படத்தைப் பார்த்து விசாரித்தேன். சம்பந்தி பெருமூச்சு விட்டார்.

"அப்பா மெஷின் மாதிரியே ஒன்னு கைக்கு வந்துச்சு சம்பந்தி. சொன்னா நம்ப மாட்டீங்க, அதைவிடப் பெருசு. ஹால்ல வச்சிருக்கலாம். இவ போனை நீட்டிக்கிட்டு முன்னாடி வந்து நின்னுட்டா. அத்தனை பேர் பார்க்கிறாங்க. கொடுக்க மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

சம்பந்தியம்மா காபியை என் முன்னால் வைத்தார். அவர் மேல் இதுவரை ஒரு மெஷினின் பழிதான் இருந்தது. இப்போது இரண்டு.

இத்தகையவர்களைப் பார்த்துச் சிரிப்பது நல்ல பொழுதுபோக்கு, நீங்களும் சிரித்திருப்பீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்கள் பழைய வீட்டுச் சாமான் ஒன்று நினைவுக்கு வந்ததே, இப்போது இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியதே, அதைத் தூக்கிக் கொடுத்தவர் யார்?

பதில் சொல்ல வேண்டாம். அவர் பக்கத்து அறையில்தான் இருப்பார். காதில் விழும்.