நான்கு வரியில் பிடிபட்ட கொலையாளி

என்னிடம் ரகசியம் தங்காது. இதை நான் எண்பதுகளின் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தால் ராசிபுரத்தில் ஒரு நல்ல மனிதர் மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்திருக்க மாட்டார்.

அப்போது எங்கள் வட்டாரத்தில் மர்மக்கதை எழுதுகிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தோம். மொத்தம் பதினோரு பேர். செவ்வாய்ப்பேட்டையில் டைப்ரைட்டிங் பழகிக்கொண்டிருந்த ஒரே காரணத்துக்காக என்னைச் செயலாளராக்கினார்கள். மாதம் ஒரு சுற்றுமடல். ஸ்டென்சில் தாளில் அடித்து, கையெல்லாம் மையாக சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டிப் பிரதி எடுப்பேன். ‘எருமப்பட்டி உறுப்பினர் தமது ஏழாவது நாவலில் விமானக் கடத்தலைக் கையாள்கிறார்’ என்பது போன்ற உலகச் செய்திகள் அதில் வரும். (அவர் அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.)

எங்களில் பெரிய ஆள் என் அத்தையின் கணவர். ராசிபுரத்தில் நெய்க்கடை. வாரப் பத்திரிகை ஒன்றில் அவருடைய தொடர் ஓடிக்கொண்டிருந்தது. இது நன்றாக முடிந்தால் அடுத்த தொடரும் அவருக்கே என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். மாமாவின் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும் என்பதால் நான்தான் படியெடுத்துக் கொடுப்பேன். அதனால் கொலையாளி யார் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். அத்தைக்குக்கூடத் தெரியாது.

அந்த மாதச் சுற்றுமடலின் அடியில் நான்கு வரி இடம் மிச்சமிருந்தது. சும்மா விட மனசு வரவில்லை. ‘குடும்ப டாக்டரே கொலையாளி என்று காட்டும் நம் ராசிபுரம் உறுப்பினரின் அபாரமான முடிவு வாசகர்களை அதிரவைக்கும். சங்கம் பெருமைப்படுகிறது’ என்று அடித்தேன். பெருமை தாங்காமல் ராசிபுரம் பஸ் ஸ்டாண்ட் பத்திரிகைக் கடையில் ஒரு பிரதி ஒட்டினேன். பத்திரிகை ஆசிரியருக்கும் ஒன்று அனுப்பிவைத்தேன். தொடர் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஆசிரியரிடமிருந்து மாமாவுக்குக் கடிதம் வந்தது: ஒரு வாரத்துக்குள் வேறு முடிவு வராவிட்டால் தொடர் நிறுத்தப்படும்.

விஷயம் தெரிந்து நான் மாமா வீட்டுக்குப் போனபோது அத்தைதான் முதலில் பிடித்துக்கொண்டார். “ஏஞ்சாமி, கட்டுன பொண்டாட்டி எங்கிட்ட மூச்சு உடல. பஸ் ஸ்டாண்டுக்கே தெரிஞ்சிருக்குது!”

மாமா நிமிரவே இல்லை. “ஏன்டா சின்னு, அதைய ஏன்டா போட்டே?”

“நாலு வரி எடம் மிச்சமிருந்துச்சுங்க மாமா.”

“நாலு வரிக்கு என்ற கதையவே கொன்னுபோட்டியேடா!”

மூன்று நாள் அவர் எழுத, நான் நெய் நிறுத்துக் கொடுத்தேன். கடைசி அத்தியாயங்களை என் கண்ணில் காட்டாமல் தன் கையெழுத்திலேயே தபாலில் சேர்த்தார். ஊரோடு ஊராகக் கடையில் நின்றுதான் நான் முடிவைப் படித்தேன்.

இரண்டாம் அத்தியாயத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போன பெயரில்லாத சங்கச் செயலாளர்தான் கொலையாளி. அவனுக்கு இப்போது பெயர் வந்திருந்தது: சின்னுசாமி. அரும்பு மீசை, விரலில் மை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத சுபாவம். மாமாவுக்கு மூட்டை மூட்டையாகப் பாராட்டுக் கடிதம் வந்தது. அடுத்த தொடரும் கிடைத்தது.

இரண்டு வருஷம் கழித்து எனக்குப் பெண் பார்க்கத் திருச்செங்கோடு போனோம். மாப்பிள்ளை பெயர் சின்னுசாமி, ராசிபுரத்துக் கதைக்காரரின் மச்சினர் மகன் என்று அறிமுகம் செய்தார்கள். உள்ளிருந்து பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது: “ஏனுங்கப்பா, அந்தக் கொலைகாரருங்களா?”

நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தேன். மாமா மட்டும் நிதானமாகச் சொன்னார்: “ஆமாங்க சாமி. ஆனா பையன் தங்கமுங்க. கொலையப் பண்ண வெச்சது நாந்தானுங்க.”

அன்றைக்கே அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. மாமா போய் வருஷங்களாகின்றன. நெய் வாசனை வந்தால் எனக்கு அவருடைய கையெழுத்துப் பிரதிதான் ஞாபகம் வருகிறது.

அந்தத் திருச்செங்கோட்டுப் பெண்ணையே கட்டினேன். ஆனால் என் வீட்டில் மன்னிப்பு கிடையாது. மகள் உண்டாகியிருக்கும் செய்தி தெருவுக்கெல்லாம் தெரிந்த பிறகே என்னிடம் வந்தது. ஏன் என்று கேட்டேன்.

“எங்காவது நாலு வரி எடம் மிச்சமிருந்தா என்ன பண்றதுங்க?” என்றாள் என் மனைவி.