இரண்டு ஆள் மூச்சு

அன்று காலை எட்டு மணிக்குக் காரைச் சுற்றி நின்றவர்கள் நான்கு பேர். பதிவுத் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து, ஒரு கையெழுத்தைக்கூடக் கோணலாகப் போடாமல் ஓய்வு பெற்ற மாமனார். அவருடைய மனைவி, அதாவது மாமியார். முகத்தில் பாதி மட்டும் சவரம் செய்திருந்த மகன். பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் மருமகள். குடும்பம் அவ்வளவுதான்.

காரின் கண்ணாடிகளில் உட்புறம் முழுவதும் ஆவி படிந்து, தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. பத்து நாளாக இதே கதை.

மருமகளுக்குப் பத்து மணிக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு. மூன்றாவது முறை. போன முறை இதே ஆவியால், 'நிறுத்து' என்று கை காட்டிய அதிகாரியைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டாள். அடுத்த வாரம் புதுப் பள்ளியில் சேர வேண்டும். அங்கே பேருந்து போகாது. இன்று கோட்டை விட்டால் வேலையும் போச்சு.

"எங்கேயோ ஒழுகுது," என்றான் மகன்.

"நம்ம வீட்டுக் கார் ஒழுகாது," என்றார் மாமனார்.

அது உண்மை. அந்தக் குடும்பத்தில் கூரையும் ஒழுகியதில்லை, ஒரு பேச்சும் வெளியே கசிந்ததில்லை.

"ஒழுகல மாமா. உள்ள ஈரக் காத்து, வெளியில குளிர். அதான் கண்ணாடியில படியுது," என்றாள் மருமகள். "என்னங்க, உங்க சவர நுரையைக் கொடுங்க. லேசா தேய்ச்சா ஆவி ஒட்டாது."

"நான் இன்னும் பாதி முகம்..."

"மீதி முகம் எங்கேயும் ஓடிப் போகாது."

லேசாகத்தான் தேய்த்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் லேசாக. ஐந்து நிமிடத்தில் முன்கண்ணாடி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது.

"முன்னாடி மங்கலாவாவது தெரிஞ்சுது," என்றான் மகன்.

நுரையைத் துடைத்து எடுக்க ஒன்பது துண்டுகள் ஆயின. காற்றோட்டத்துக்காக ஒரு பின்கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்துவிட்டுப் பத்தாவது துண்டு எடுக்க மருமகள் வீட்டுக்குள் போனாள். அந்த நேரம் பார்த்து மகன், ஒழுகுகிறதா இல்லையா என்று ஒரு முடிவு கட்டுவதற்காகத் தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து காரின் கூரை மேல் பிடித்தான்.

"பாருப்பா, பின்சீட்டெல்லாம் தண்ணி. நான் சொல்லல?" என்றான் வெற்றியோடு.

மாமனார் குனிந்து பார்த்தார். "கண்ணாடி திறந்திருக்குடா, அறிவுக்கொழுந்தே."

மாமியார் மட்டும் தன் பாட்டுக்கு நனைந்த துண்டுகளைப் பிழிந்து பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மணி எட்டு நாற்பத்தைந்து. சீட்டைக் காய வைக்க எல்லாக் கதவையும் சாத்தி, சூடான காற்றை முழு வேகத்தில் ஓட விட்டார்கள். வரச் சொல்லியிருந்த மெக்கானிக் வந்து சேர்ந்தபோது, கார் மூடி போட்ட கொதிபானை மாதிரி இருந்தது. கதவைத் திறந்தவர் முகத்தில் ஆவி அடித்தது.

"துணி வெளுக்கிறீங்களா சார்?" என்றார்.

அவர் தரைவிரிப்பைத் தூக்கிப் பழைய செய்தித்தாளை வைத்து அழுத்திப் பார்த்தார். தாள் நனையவில்லை. கதவு ரப்பர்களை விரலால் தடவினார். காற்று வடிகட்டியை உருவித் தட்டினார்.

"எங்கேயும் ஒழுகல. பின்சீட் ஈரம் இன்னைக்கு நீங்க ஊத்தினது." பிறகு ஒரு பொத்தானைக் காட்டினார். "இதை யாரு அமுக்கி வச்சது? உள்காத்தே சுத்திச் சுத்தி வருது. ஈரம் எப்படி வெளியே போகும்?"

பொத்தானைத் தட்டி வெளிக்காற்றை விட்டு, சூட்டோடு ஏசியையும் சேர்த்துப் போட்டார். கண்ணாடி ஓரத்திலிருந்து மெல்லத் தெளிந்து, பத்து நிமிடத்தில் பளிங்காகிவிட்டது. மருமகள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆனா தினமும் காலையில எப்படி வருது?" என்று கேட்டாள்.

"மூச்சு மேடம். யாரோ கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருக்காங்க." சற்று யோசித்தார். "இவ்வளவு வரணும்னா ஒரு ஆள் மூச்சு பத்தாது. ரெண்டு ஆள்."

மகன் மனைவியைப் பார்த்தான். மனைவி கணவனைப் பார்த்தாள்.

மாமனாரின் முதுகு கம்பு மாதிரி நிமிர்ந்தது. "யோவ், இது கௌரவமான குடும்பம். உன் வேலை என்னவோ அதைப் பாரு."

"மூச்சு விடறதுல என்ன சார் கௌரவக் குறைச்சல்?" என்று மெக்கானிக் கருவிப் பையை மூடினார்.

மாடி வீட்டு நர்ஸ் வேலைக்குப் புறப்பட்டுக் கீழே இறங்கியது அப்போதுதான். மருமகளின் கையைப் பிடித்துத் தனியாக இழுத்தாள். குரலைத் தாழ்த்தியதாகத்தான் நினைத்தாள்.

"பெரியவரைக் கொஞ்சம் கவனிச்சுக்கோம்மா. விடியற்காலையில காருக்குள்ள தனியா உக்காந்து அழுறாரு. கண்ணை மூடி, நெஞ்சுல கை வச்சு, வாயைத் திறந்து ஒரு மணி நேரம். மருமக கார் எடுக்கப் போறாளாம், அந்த வேதனைதான்னு தெருவே பேசுது."

மருமகளின் முகம் வாடிவிட்டது. நேராக மாமனாரிடம் போய்ச் சாவியை நீட்டினாள். மணி ஒன்பதரை.

"எனக்குத் தேர்வும் வேணாம், புது வேலையும் வேணாம் மாமா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மாமனார் சாவியை வாங்கவில்லை. அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

மாமியார் கடைசித் துண்டை உதறிக் கொடியில் போட்டாள்.

"யாரும் அழல. அவர் பாடறாரு, ரெண்டு ஆள் மூச்சைச் சேர்த்து விட்டு. வீட்டுக்குள்ள பாடக் கூடாதுன்னு நான்தான் காருக்குத் துரத்திவிட்டேன். நீ நேரத்தோட கிளம்பு."