கனம் சேர்ந்தால் கம்பீரம்

கனப்பிரியர் என்றோர் இனம் இருக்கிறது. சேலத்திலிருந்து நாமக்கல் வரை எந்த டீக்கடையில் நின்றாலும் ஒருவராவது அகப்படுவார். புதுக் கார் ஒன்றைக் கண்டால் போதும், கதவை இழுத்து, டப்பென்று சாத்தி, அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கி, "வெறும் தகரமுங்க!" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வாங்கியவனுக்கு வாழ்த்தே சொல்வார். வண்டி ஓடுமா? அது அப்புறம். கனக்குமா? அதைச் சொல்லுங்கள் முதலில்!

லாரி முதலாளி சண்முகவேல் இந்த இனத்துக்கே தலைவர். அந்தக் காலத்துச் சீமான்கள் ஏறிய வெளிநாட்டுக் கார் ஒன்றின் சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் எங்கிருந்தோ பிடித்து வந்தார். அப்போதெல்லாம் கம்பெனிக்காரன் சேஸிஸை மட்டும்தான் விற்பான். பாடியை வாங்குகிறவரே கட்டிக்கொள்ள வேண்டும், நம் ஊர் லாரி மாதிரி. சீமான்கள் தேக்கும் தோலும் பித்தளையுமாக ஏற்றிவிட்டு, "இழுக்கவில்லையே" என்று கம்பெனிக்காரன் சட்டையைப் பிடிப்பார்கள். கனத்தைக் குறையுங்கள் என்று அவனும் கெஞ்சிப் பார்த்தான், பாவம். நூறு வருஷம் கழித்து அந்தக் கெஞ்சல் நாமக்கல்லுக்கு எட்டுமா?

சண்முகவேல் அதை லாரிப் பட்டறையிலேயே கொண்டுபோய் இறக்கினார். லாரிக்குப் போடுகிற இரும்புச் சட்டம், கனத்த தகடு, அதன்மேல் தேக்குப் பலகை, போதாக்குறைக்குப் பித்தளைப் பூண்.

"ஏனுங்க, இத்தனையும் அந்த எஞ்சின் இழுக்குமுங்களா?" என்றார் மனைவி மஞ்சுளா.

"கனம் இருந்தாத்தான் மருவாதி. நீ சும்மா இரு."

தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்தார் மஞ்சுளா. பழகின விஷயம்தானே.

மகள் பிரீத்திக்கு ஏற்காட்டில் கல்யாணம். பெண் அந்தக் காரில்தான் மண்டபத்தில் போய் இறங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஓட்டியவரும் அவரே. மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டி வரை ராஜநடை. மலைப்பாதையின் முதல் ஏற்றத்தில் வண்டி முனகியது, இருமியது, நின்றேவிட்டது. முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

சீர்த்தட்டுகளை இறக்கினார்கள். அசையவில்லை. மைத்துனர் வேல்முருகன் இறங்கினார். லேசாக ஆடியது. மஞ்சுளா இறங்கினார். ஒரு முழம் போனது. சண்முகவேல் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். பட்டும் நகையுமாக மகள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"சாமி, நீயும் சித்த எறங்கிக்க. அந்த வளைவு தாண்டுனதும் ஏறிக்கலாம்."

"அப்பா, கல்யாணமே எனக்குத்தானுங்கப்பா!"

இறங்கினாள், வேறென்ன செய்வாள்? வண்டி சீறிக் கிளம்பியது, வளைவைத் தாண்டியது, அடுத்ததையும் தாண்டியது. நிறுத்தினால் மறுபடி கிளம்பாதே என்ற பயத்தில் மனிதர் மண்டப வாசலில்தான் போய் நிறுத்தினார். மேளம் முழங்க, மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தித் தட்டோடு ஓடிவந்து கதவைத் திறந்தார்கள். உள்ளே ஒருவரும் இல்லை.

போன் அடித்தது. "ஏனுங்க, புள்ள நடுரோட்டுல நின்னு அழுவுதுங்க!"

"அது கெடக்கட்டும் மஞ்சுளா, வண்டி ஏறிருச்சு, தெரியுமா!"

முட்டை ஏற்றிக்கொண்டு மேலே போன குட்டியானை வேன் ஒன்றை வேல்முருகன் கைகாட்டி நிறுத்தினார். மடியில் முட்டை அட்டையோடு பிரீத்தி வந்து சேர்ந்தபோது ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, முகூர்த்தம் தப்பவில்லை. தாரை வார்த்துக்கொடுக்க அப்பாவைத் தேடினால், அவர் வாசலில் நாலு பேரைக் கூட்டிவைத்து எஞ்சினைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். மணமேடையிலிருந்து அதைப் பார்த்த அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் அழுகை வந்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். நடுரோட்டில் நின்ற பிள்ளையை நினைத்துப் பதறினீர்களா, இல்லை, "முதல் கியரிலேயே பிடித்திருந்தால் எல்லாரோடும் ஏறியிருக்கும்" என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தீர்களா? இரண்டாவது என்றால், உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இப்போதே தனியாக ஒரு வண்டி சொல்லிவைத்துவிடுங்கள்.