ஜாரினாவின் நூற்றுப் பன்னிரண்டு பட்டங்கள்

பனிப்புரம் என்ற தேசத்தில் அரசருக்கு ஜார் என்று பெயர்; அவர் மனைவிக்கு ஜாரினா. தண்டிப்பது ஜாரின் வேலை, மன்னிப்பது ஜாரினாவின் வேலை. அந்த வழக்கத்தை நம்பித்தான் ஜனங்கள் அங்கே காலத்தை ஓட்டினார்கள்.

பட்டத்துறை அமைச்சருக்கு இது பொறுக்கவில்லை. மன்னிப்பு மலிந்துவிட்டதாம். "அன்னையாரை வெறும் ஜாரினா என்பது ராஜத் துரோகம். உரிய பட்டங்கள் முன்னே வரட்டும்" என்று ஆணை போட்டார். பனியின் தாய், ரொட்டியின் ஊற்று, ஓநாயும் வணங்கும் உத்தமி என்று வெள்ளிக்கிழமைதோறும் பட்டங்கள் கூடின. பட்டம் சொல்லும்போது செருப்பு கூடாது என்றது அடுத்த ஆணை. நடுவில் இருமினால் சிறை என்றது அதற்கடுத்தது. விதியை மீறியவரைப் பற்றிச் சாட்சி சொன்னால், சொன்னவர் வீட்டில் யாராவது சிறையில் இருந்தால் அவருக்கு விடுதலை என்றும் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு அண்டை வீட்டார் பேசிக்கொள்வதே நின்றுபோனது.

ரொட்டிக்கடை யெகோர், தன் அப்பா காலத்திலிருந்து விற்ற 'ஜாரினா ரொட்டி'யை அதே பெயரில் கூவிவிட்டான். பாழாய்ப்போன பழக்கம். பனி உருகியதும் தூக்கு என்று தீர்ப்பானது.

அவன் மனைவி மார்ஃபா மூன்று மாதம் மாவு பிசையும்போதும் பட்டங்களை முணுமுணுத்தாள். மன்னிப்பு நாளில் அரண்மனை முற்றத்துப் பனியில் வெறுங்காலோடு நின்று, நூற்றுப் பன்னிரண்டையும் இருமாமல் சொல்லி முடித்து, புருஷனுக்கு மன்னிப்புக் கேட்டாள்.

திரை விலகியது. இளைத்துப்போன ஜாரினா எட்டிப் பார்த்துப் பதறினாள். "ஐயோ, கால் நீலம் பாரிச்சுப் போச்சே! எதுக்கும்மா இத்தனையும்? நான் வெறும் ஜாரினா, அவ்வளவுதான். உன் புருஷனை விடச் சொல்றேன், போ."

அமைச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பட்டங்களின்றிப் பெயர் உச்சரிக்கப்பட்டுள்ளது. சட்டத்தின் முன் அனைவரும் சமம். குற்றவாளி வழங்கிய மன்னிப்பு செல்லாது." பிறகு மார்ஃபாவிடம் குனிந்தார். "ஆனால் சாட்சிக்குச் சலுகை உண்டு, பெண்ணே. உன் காதில் விழுந்ததா?"

மார்ஃபா நிமிர்ந்து ஜாரினாவைப் பார்த்தாள். சொல்லிவிடு என்பதுபோல் ஜாரினா மெல்லத் தலையசைத்தாள்.

"விழுந்துச்சுங்க, ஐயா."

அன்று மாலையே யெகோர் வீடு திரும்பினான். அவன் இருந்த அறையில் ஜாரினாவை அடைத்தார்கள். அடுத்த வாரம் அமைச்சரின் மகள் புது ஜாரினா ஆனாள். ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைதட்டினார்கள்.

சூப்பைக் கையில் வாங்கிய யெகோர் கேட்டான்: "என்னை விடச் சொல்லி யாரு மார்ஃபா மனசு வச்சது?"

மார்ஃபா கதவைப் பார்த்தாள். அது சாத்தித்தான் இருந்தது.

"அமைச்சர் ஐயாதாங்க" என்றாள். "குடிங்க, ஆறிடும்."